விஜ்லி எங்கே போனது? 1888, சௌராஷ்டிரக் கடல்

கேள்வி, 8 நவம்பர் 2022, காலை

“இன்று வாட்ஸ்அப்பில் வந்தது. 1888-இல் இதே தேதியில் குஜராத் கடலில் 1300 பேரோடு ஒரு கப்பல் காணாமல் போனதாம். ‘இந்தியாவின் டைட்டானிக்’ என்று போட்டிருக்கிறார்கள். துறைமுக அதிகாரி எச்சரித்தும் கேப்டன் ஹாஜி காசம் கேட்கவில்லையாம். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லையாம். நிஜமா, கட்டுக்கதையா? வேராவல் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.”

8 நவம்பர் 2022, இரவு

பாதி நிஜம், பாதி அந்தப் பக்கத்து நாட்டுப்பாட்டு.

கப்பலின் பதிவுப் பெயர் வைதர்ணா. ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் 1885-இல் கட்டியது. பம்பாய் ஷெப்பர்ட் கம்பெனியின் ஸ்டீமர். உள்ளே மின்விளக்கு எரிந்ததால் கட்ச், கத்தியவார் (சௌராஷ்டிரம்) ஜனங்கள் விஜ்லி, அதாவது மின்சாரம், என்று கூப்பிட்டார்கள். கப்பலில் மின்விளக்கு என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். அமெரிக்காவில் கொலம்பியா என்ற கப்பலில் எடிசன் விளக்கு போட்டதே 1880-இல்தான். ஐந்து வருடத்தில் அது கட்ச் துறைமுகமான மாண்ட்விக்கு வந்துவிட்டது. ஊருக்குள் சிம்னி விளக்கு, கடலில் பல்பு.

மாண்ட்வியிலிருந்து பம்பாய்க்கு 30 மணி நேரம், கட்டணம் 8 ரூபாய். கட்சுக்கு ரயில் வந்தது 1905-இல். அதனால் பம்பாய்க்கு ஸ்டீமர்தான் வழி.

1888 நவம்பர் 8, வியாழக்கிழமை மதியம் மாண்ட்வியில் 520 பயணிகளோடு கிளம்பியது. துவாரகையில் இன்னும் ஆள் ஏறி 703 ஆனது. அடுத்து போர்பந்தர். கடல் மோசமாக இருந்ததால் அங்கே நிற்காமல் நேரே பம்பாய்க்குத் திருப்பினார்கள். அன்று இரவு மாங்ரோல் பக்கம் எங்கோ முடிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. மறுநாள் காணவில்லை என்று அறிவித்தார்கள். பம்பாய் அரசும் கப்பல் கம்பெனிகளும் ஸ்டீமர்கள் அனுப்பித் தேடினார்கள். உடைசலும் இல்லை, உடலும் இல்லை.

நான் சில வருடம் வேராவலில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதினேன். இந்தக் கதையை அங்கே கேட்காமல் இருக்க முடியாது. மீதியை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

9 நவம்பர் 2022

1300 என்பது பாட்டுக் கணக்கு. 703 பயணிகள், கூட 40-ஐ ஒட்டி ஊழியர்கள். அன்றைய கணக்குகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறுபட்டாலும் பெரும்பாலும் 740-ஐச் சுற்றியே நிற்கின்றன. அதுவே போதாதா? வாட்ஸ்அப்காரர்களுக்கு 740 பேர் செத்தால் பத்தாது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கார்த்திகை வளர்பிறை பஞ்சமி, குஜராத்தி வியாபாரிகள் தீபாவளிக்கு மூடிய கடையை மறுபடி திறக்கும் லாப பஞ்சமி. நமக்கு ஐப்பசி, மறுநாள் சஷ்டி, சூரசம்ஹாரம். அப்போ கூட்டம் ஏன் என்று புரிகிறதா? தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர்கள் பம்பாய் திரும்பும் நேரம். அதோடு கல்யாணக் கோஷ்டிகள், 13 கோஷ்டி என்று சொல்கிறார்கள். பம்பாய் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதப் போன பையன்கள் வேறு.

பஞ்சமி நிலா சீக்கிரமே இறங்கிவிடும். கப்பல் மாங்ரோலைத் தாண்டும் நேரத்துக்குக் கும்மிருட்டு.

11 நவம்பர் 2022

ஹாஜி காசம் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வேராவல் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கார்வா ஜாதி, தலைமுறை தலைமுறையாகக் கடல் வேலை. கை நடுக்கத்தால் போட்டில் போவதை விட்டவர். எங்கள் கம்பெனி போட்டுகளுக்கு வலை பொத்துப்போட வருவார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொண்டே இந்தப் பாட்டைப் பாடுவார். பாட்டு முழுக்க ஹாஜி காசத்தைக் கூப்பிட்டுத்தான் போகும். உன் கப்பல், உன் விஜ்லி என்று. கல்யாணப் பெண்கள், மாப்பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாம் வரும். ஷெப்பர்ட் கம்பெனி ஓர் இடத்திலும் வராது.

நான் அவரிடம் கேட்டேன், “காக்கா, கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனியுடையதுதானே?” அவர் ஊசியை நிறுத்தாமல், “கம்பெனியைத் திட்டிப் பாட்டு கட்டினால் யார் கேட்பார்கள்?” என்றார்.

பதிவில் கேப்டன் பெயர் காசம் இப்ராகிம். இதே போன்ற பெயரில் ஷெப்பர்ட் கம்பெனிக்கு டிக்கெட் ஏஜென்ட் ஒருவரும் இருந்தார். ஹாஜி காசம் என்ற பெயரில் பம்பாயில் வசதியான கட்ச்காரர் ஒருவரைப் பற்றியும் கதை உண்டு. ஒரு ஃபக்கீர் ஆசீர்வதித்து 99 கப்பல் கிடைக்கும் என்றாராம், கடைசிக் கப்பல் விஜ்லியாம். பாட்டு இவர்கள் எல்லோரையும் பிசைந்து ஒரே ஆளாக்கிவிட்டது. கேப்டனும் அவரே, முதலாளியும் அவரே, குற்றவாளியும் அவரே.

கேப்டன் அந்தக் கப்பலோடு போனவர். பதில் சொல்ல ஆள் இல்லை. பழியைச் சுமத்த இதைவிட வசதியான ஆள் கிடைப்பாரா?

11 நவம்பர் 2022, சற்று நேரம் கழித்து

‘இந்தியாவின் டைட்டானிக்’ என்பவர்களுக்கு: டைட்டானிக் 1912, விஜ்லி 1888. நியாயமாகப் பார்த்தால் அதுதான் இங்கிலாந்தின் விஜ்லி.

15 நவம்பர் 2022

எச்சரித்த அதிகாரி என்று சொல்லப்படுபவர் ஃப்ரெடரிக் லெலி. போர்பந்தர் சமஸ்தானத்தின் பிரிட்டிஷ் நிர்வாகி. புயல் வருகிறது, போகாதே என்று அவர் சொன்னதாகவும் கேப்டன் மீறிப் போனதாகவும் கதை. பின்னாளில் தேடிப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆதாரத்தை விடுங்கள், கதையே இடிக்கிறது. கப்பல் போர்பந்தரில் நிற்கவில்லை. நிற்காத கப்பலின் கேப்டனை லெலி எங்கே பார்த்து எச்சரித்தார்? கடற்கரையில் நின்று கத்தினாரா? சிலர் கொடி காட்டினார்கள் என்கிறார்கள். சரி, இருட்டில் எந்தக் கொடி தெரியும்?

இன்னொன்றும் யோசியுங்கள். போர்பந்தர் கரையில் டிக்கெட்டோடு காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். விளக்கெல்லாம் எரிய ஒரு கப்பல் தூரத்தில் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

லெலி என்ற பெயரை எங்கோ படித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், காந்தியின் சுயசரிதையில் படித்திருப்பீர்கள். அதே 1888-இல், லண்டனுக்குப் படிக்கப் போக சமஸ்தானத்தின் உதவி கேட்டு காந்தி போய்ப் பார்த்தது இந்த லெலியைத்தான். மனுஷன் மாடிப்படி ஏறிக்கொண்டே, முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வா, இப்போது ஒன்றும் தர முடியாது என்று இரண்டு வரியில் அனுப்பிவிட்டார். காந்தி குடும்பப் பணத்தைத் திரட்டிக்கொண்டு 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். இரண்டு மாதம் கழித்து விஜ்லி.

இதைவிட என்னை உலுக்கிய விஷயம் அதே புத்தகத்தில் வேறிடத்தில் இருக்கிறது. காந்தி மெட்ரிகுலேஷன் எழுதியது 1887-இல். அப்போது பரீட்சை மையம் இரண்டே இரண்டு, அகமதாபாத், பம்பாய். கத்தியவார்ப் பையன்கள் செலவு குறைவு என்று பக்கத்தில் இருக்கும் அகமதாபாத்துக்குத்தான் போவார்கள், நானும் அப்படித்தான் போனேன் என்று எழுதியிருப்பார். அடுத்த வருடம் விஜ்லியில் ஏறியவர்கள் பம்பாய் மையத்தைத் தேர்ந்தெடுத்த பையன்கள். வீட்டில் கொஞ்சம் காசு இருந்த பையன்கள்.

20 நவம்பர் 2022

“புயல்தான் காரணம் என்றால் மர்மம் எங்கே இருக்கிறது” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எப்படி மூழ்கியது என்பதில் எனக்கும் பெரிய மர்மம் தெரியவில்லை. கணக்கைப் பாருங்கள்.

நீளம் சுமார் 170 அடி. அகலம் 26 அடி சொச்சம். உடலின் ஆழம் 10 அடிக்குள். இதன்மேல் மூன்று தளம், 25 கேபின். ஆழம் குறைந்த உடலின்மேல் தளங்களை அடுக்கினால் எடை மேலே போய்விடும். மேல்தளத்தை நீள அகலம் பெருக்கினால் 4,500 சதுர அடி. எஞ்சின், பாய்லர், நிலக்கரி, சரக்கு எல்லாம் கீழே இடத்தைப் பிடித்துக்கொள்ள, 700 பேரில் பெரும்பாலோர் டெக்கில். ஆளுக்கு 50 கிலோ போட்டாலும் 35 டன். சரக்கைக் கயிறு போட்டுக் கட்டலாம். இந்த 35 டன்னைக் கட்டி வைக்க முடியாது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சின்ன அளவில். ஓக்காவிலிருந்து பேட் துவாரகைத் தீவுக்குப் படகில் போனேன். சுற்றுலா சீசன், எழுதிப்போட்டிருந்த எண்ணிக்கைக்கு மேலே ஆள். குளிர்காலத்தில் அங்கே கடற்காகங்கள் கூட்டமாக வரும். படகில் காட்டியா என்ற கடலைமாவுத் தீனி விற்பார்கள், அதை வாங்கி வீசுவது ஒரு வேடிக்கை. பறவைக் கூட்டம் திடீரென்று இடது பக்கம் திரும்பியது. அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் பாய்ந்தார்கள். படகு அப்படியே சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே நின்றது, உடனே நிமிரவில்லை. வலது ஓரத்தில் இருந்த நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். என் காலடியில் யாரோ வைத்திருந்த பிரசாதக் கூடை தானாக நகர்ந்து எதிர்ப்பக்கம் போனது. படகோட்டிப் பையன் குஜராத்தியில் கெட்ட வார்த்தையில் கத்தினான். அதற்குத்தான் பலன். நாலு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், படகு நிமிர்ந்தது. அன்று கடல் தண்ணீர்த் தொட்டி மாதிரி அமைதி.

விஜ்லியில் இருட்டு, மழை, ஒரு பக்கத்திலிருந்து அலை அடிக்கிறது. நனையாத பக்கத்துக்கு எல்லோரும் ஒதுங்குவார்களா மாட்டார்களா? அதற்கு மேல் ஒரு பெரிய அலை போதும்.

விசாரணை நடந்தது. போதுமான லைஃப் போட் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை என்று எழுதினார்கள். அன்றைய சட்டமும் அப்படித்தான் இருந்தது. கப்பலின் பக்கத்தில் சுமை அளவுக் கோடு போட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1876-இல் சட்டம் வந்தது. கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியிடமே விட்டுவிட்டார்கள். அதைத் திருத்தியது 1890-இல். கோடு கட்டாயம், உயரம் உங்கள் இஷ்டம். நம்ம ஊர் மினிபஸ் ‘இருக்கை 25’ நினைவுக்கு வருகிறது.

21 நவம்பர் 2022

கவிழ்ந்தது என்று நேற்று அவ்வளவு திடமாக எழுதியிருக்க வேண்டியதில்லையோ என்று தோன்றுகிறது. பாய்லர் வெடித்திருக்கலாம். டெக் வழியாகத் தண்ணீர் இறங்கி நெருப்பு அணைந்திருக்கலாம். எஞ்சின் நின்றுபோன ஸ்டீமர் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கப்பலும் தாங்காது. ஆனால் இவை எல்லாவற்றிலும் கடைசியில் நடப்பது கவிழ்வதுதான். எப்படியானாலும் நிமிடக் கணக்கில் முடிந்திருக்கிறது. நிதானமாக மூழ்கியிருந்தால் ஒரு போட்டாவது இறங்கியிருக்கும்.

கடல் கொள்ளையர் என்று எழுதியவருக்கு: 740 பேரையும் கப்பலையும் சேர்த்து எங்கே ஒளித்து வைத்தார்கள்?

4 டிசம்பர் 2022

என்னைப் பொறுத்தவரை மர்மம் வேறு. ஒன்றும் ஏன் கரைக்கு வரவில்லை? மரப்பெட்டி, கூண்டு, துடுப்பு, மெத்தை, மனிதர்கள். துவாரகையிலிருந்து டையூ வரை ஊர் ஊராக மீனவர்கள் இருக்கும் கரை அது. ஒரு பானை ஒதுங்கினால்கூடப் பேச்சு பரவும்.

பல வருடம் இது எனக்குப் புரியவில்லை. ஒக்கி புயல் வந்த பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது.

எங்கள் ஊர் தூத்தூர் பக்கம். ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள். சுறா பிடிக்க குஜராத் கடல் வரை போவார்கள். வேராவலில் எனக்கு வேலை கிடைத்ததே அந்தத் தொடர்பில்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே உருவாகி, லட்சத்தீவைத் தாண்டி, வடக்கே திரும்பி, டிசம்பர் 5 வாக்கில் குஜராத் கரையை நெருங்கி வலுவிழந்தது. அரபிக்கடலில் புயலுக்கு இரண்டு சீசன். பருவமழைக்கு முன்னால் மே, ஜூன். பின்னால் அக்டோபர், நவம்பர். விஜ்லியும் இந்த இரண்டாவது சீசன்.

பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், அப்போது கடலில். அவர் போட்டு தப்பித்து வேராவலுக்குள் வந்தது. துறைமுகத்தில் போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் உப்பு வெடித்திருந்தது. “எப்படி அண்ணே கரை பிடிச்சீங்க?” என்றேன். “காத்து எங்களக் கரைக்கு விடலடே. எஞ்சின் ஓடுனதால வந்தோம். எஞ்சின் நின்னவன் மேக்க போயிட்டான்” என்றார்.

மேற்கே போய்விட்டான். இதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். நம் பக்கப் புயலில் காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் சௌராஷ்டிரக் கரைக்குத் தெற்கே கடலில் இருந்தால் கரையோரம் அடிப்பது கிழக்குக் காற்று. அந்தக் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. அங்கே கிழக்குக் காற்று என்றால் நிலத்திலிருந்து கடலுக்கு. மிதக்கிற எதுவும் மேற்கே போகும். அந்தப் பக்கம் அடுத்த கரை அரேபியா. புயல் ஓய்ந்த பிறகும் நவம்பரில் அங்கே வடகிழக்குக் காற்றுதான், அதுவும் கரைக்கு எதிர்த் திசை.

அன்றைய புயலின் பாதை என் கையில் இல்லை. இது என் ஊகம். ஆனால் பொருந்துகிறது.

6 டிசம்பர் 2022

ஊகத்தைச் சோதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள், நல்ல கேள்வி. கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்றில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

1947 ஜூலை 17, பம்பாயிலிருந்து ரேவஸுக்குப் போன ராம்தாஸ் என்ற ஸ்டீமர் கவிழ்ந்தது. 600-க்கு மேல் பலி. அதிலும் வயர்லெஸ் இல்லை. பெரிய அலை வந்தது, ஜனங்கள் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள், கப்பல் சாய்ந்தது. தென்மேற்குப் பருவக் காற்று, கடலிலிருந்து கரைக்கு. நீந்தி வந்தவர்கள் சொல்லித்தான் ஊருக்குச் செய்தியே தெரிந்தது.

2021 மே 17, டவ்தே புயலில் மும்பைக்கு வெளியே பி305 என்ற பார்ஜ் (எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் தங்கும் மிதவை) மூழ்கியது. அதில் 261 பேர். கடற்படை 180-க்கு மேற்பட்டவர்களை உயிரோடு எடுத்தது. இறந்தவர்களில் சிலர் ராய்கட், வல்சாட் கரைகளில் ஒதுங்கினார்கள். அதுவும் கரையை நோக்கி அடித்த காற்று.

இரண்டிலும் கடல் திருப்பிக் கொடுத்தது. நவம்பரில் போன விஜ்லியைக் கொடுக்கவில்லை. இரண்டு உதாரணத்தை வைத்து விதி சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும்.

ராம்தாஸைப் பார்த்த பிறகு, ஜனங்கள் ஒரு பக்கம் ஒதுங்கியதாக நவம்பர் 20-இல் எழுதியதை நான் விடுவதாக இல்லை.

14 ஜனவரி 2023

பொங்கல் லீவு. கொஞ்சம் தள்ளிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராடா என்று ஒரு கப்பல். 1909 ஜூலை 26 இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு 211 பேரோடு கிளம்பியது. விஜ்லி மாதிரிக் குட்டிக் கப்பல் இல்லை, ஆஸ்திரேலியா போய்வரும் புத்தம்புதுப் பெரிய கப்பல். மறுநாள் காலை கிளான் மக்கின்டயர் என்ற கப்பல் அதைப் பார்த்து விளக்கால் பேசியது. அப்புறம் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் தேடினார்கள், உறுதியாக அதனுடையது என்று சொல்லும்படி ஒரு துண்டு அகப்படவில்லை.

அதில் கிளாட் சாயர் என்று ஒரு எஞ்சினியர் பயணி. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிரத் தயங்குகிறது என்று கவனித்து, பயந்து, டர்பனிலேயே இறங்கிவிட்டார். வாராடா மேல்கனமாக இருக்கிறது, டர்பனில் இறங்கிவிட்டேன் என்று மனைவிக்குத் தந்தி அடித்தார். கூடவே கத்தியோடு ஒருவன் வருவதாகக் கனவும் கண்டாராம். லண்டன் விசாரணையில் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது கனவை. எனக்குப் பெரிதாகப் படுவது அந்த நிமிரத் தயங்கும் கப்பல். ஓக்கா படகில் பெஞ்சைப் பிடித்தபோது எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

அந்தக் கப்பல் கம்பெனி விரைவிலேயே பி அண்ட் ஓ என்ற பெரிய கப்பல் கம்பெனியின் கைக்குப் போனது. 1999-இல் வாராடா கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். கீழே போய்ப் பார்த்தால் இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய சரக்குக் கப்பல், உள்ளே டாங்கிகள். வருடக்கணக்கில் தேடியவர் 2004-இல் கைவிட்டார்.

வாராடாவுக்கு இத்தனை தேடல், இத்தனை விசாரணை. 211 பேர். விஜ்லியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

15 ஜனவரி 2023

“எல்லாவற்றையும் நிறவெறியில் கொண்டு போய் நிறுத்தாதே” என்று ஒருவர். நான் எண்ணிக்கையைத்தான் சொன்னேன். நிறம் நீங்கள் சொன்னது.

19 மார்ச் 2023

எழுத வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இங்கே ஒரு சகோதரி கேட்டதால் எழுதுகிறேன்: “உடல் கிடைக்காத வீட்டில் என்ன செய்வார்கள்?”

குஜராத்தில் 1888-இல் என்ன செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். ஒக்கியில் காணாமல் போன ஆளுக்கு வீட்டில் குழி தோண்ட முடியாது. இறந்தார் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த விதியைத் தளர்த்தித்தான் அரசு காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தது. கையெழுத்துப் போட்டால் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு அம்மா பேப்பரை வாங்கிவைத்துக்கொண்டு நாள் கடத்தினார். மகன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தார். கடையில் பையன் ரீசார்ஜ் செய்ய மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான், அவர் வேறு கடைக்குப் போனார். கடைசியில் பங்குச்சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்.

உடல் கிடைக்கும் சாவு பத்து நாளில் ஒரு வழிக்கு வந்துவிடும். இது வராது. 13 கல்யாணக் கோஷ்டி என்று சொல்கிறார்களே, மணமக்கள் வீட்டு ஆட்கள் மட்டுமா, சமையல்காரர், மேளக்காரர், புரோகிதர் என்று எத்தனை வீடு. எந்த வீட்டுக்கும் தகவல் என்று ஒன்று போகவே இல்லை. கப்பல் வரவில்லை, அவ்வளவுதான் தகவல். பாட்டு கட்டினது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். ஷெப்பர்ட் கம்பெனியை ஏன் திட்டவில்லை என்று இப்போது நான் அந்தப் பெரியவரிடம் கேட்க மாட்டேன்.

22 மார்ச் 2023

இல்லை, கேட்பேன். அழ ஒரு பாட்டு வேண்டும், சரி. ஆனால் அந்தப் பாட்டை வைத்தே இன்றைக்கும் “கேப்டனின் பிடிவாதத்தால்” என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்களே. லைஃப் போட் வாங்காதது கேப்டனா?

பி305 விஷயத்தில் புயல் எச்சரிக்கை நாள் கணக்கில் முன்பே இருந்தது, எழுத்திலேயே இருந்தது. அங்கேயும் பழி முதலில் போனது கேப்டன் மேல். அவரும் திரும்பி வரவில்லை.

2 மார்ச் 2024

பேட் துவாரகைக்குப் பாலம் திறந்துவிட்டார்கள், போன வாரம். படகில் போன அனுபவம் இனி கதைதான். படகுக்காரர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று அங்கே இருக்கும் நண்பரிடம் கேட்டேன். “கடற்காகம் பார்க்க ஆள் வரும்” என்றார்.

இழையைத் தொடங்கியவர் மறுபடி வந்து ஒரு கேள்வி போட்டிருக்கிறார்: “இப்போது சோனார் இருக்கிறதே, தேடினால் கிடைக்காதா?”

பி305-ஐ ஐ.என்.எஸ். மகர் என்ற கடற்படை சர்வே கப்பல் சோனாரில் கண்டுபிடித்தது. அது எங்கே மூழ்கியது என்று முன்பே தெரியும். விஜ்லி உறுதியாக நின்ற கடைசி இடம் துவாரகை. மாங்ரோல் என்பது கணிப்பு. எஞ்சின் நின்று மிதந்திருந்தால் இன்னும் மேற்கே, இன்னும் ஆழத்தில் கிடக்கலாம். 170 அடிக் கப்பல், 130 வருடத்துக்கு மேல் துரு, மேலே சேறு. முழுக் கப்பல் வடிவத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாய்லரும் எஞ்சினும்தான் மிஞ்சியிருக்கும்.

அரசு தேடாவிட்டாலும், ஒருவேளை இடம் தெரிந்தவர்கள் இருக்கலாம். இழுவலை போடும் வேராவல், மாங்ரோல் ஓட்டுநர்கள் ஒவ்வொருவரிடமும் ஜிபிஎஸ்-இல் ‘மார்க்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அடியில் ஏதோ கிடந்து வலை மாட்டும் இடங்கள். பாறையா, பழைய கப்பலா என்று அவர்களுக்குத் தெரியாது, கவலையும் இல்லை. நம் ஊரில் பார் என்று சொல்வோமே, அந்த மாதிரி. எல்லோருடைய பட்டியலையும் ஒரு வரைபடத்தில் போட்டு, தெரிந்த பாறைகளைக் கழித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்குப் பாதி குறையும்.

போன மாதம் பழைய கம்பெனி ஓட்டுநர் ஒருவரை போனில் பிடித்துக் கேட்டேன். “விஜ்லிக்கா கேட்கிறாய்?” என்று சிரித்தார். “ஹாஜி காசமே எழுந்து வந்து கேட்டாலும் மார்க் தர மாட்டேன். வலை மாட்டுற இடத்துலதான் மீன் இருக்கு.”